மங்கு நிறைந்தால் சிவப்பு அட்டை

சன்னாசியின் குடலில் இருந்த புற்று முழுசாகப் போய்விட்டது என்று ஈப்போ ஆஸ்பத்திரி டாக்டர் சொன்ன அதே காலையில், பக்கத்து அறையில் இருந்தவர்கள் அவருடைய மனம் உடைந்துகிடக்கிறது என்று முடிவு செய்தார்கள். இரண்டுக்கும் இடையில் அவர் கந்தீனில் பால் விடாத ஒரு கோப்பி ஓ குடித்திருந்தார். வேறொன்றும் நடக்கவில்லை.

சன்னாசி சுங்கை சிப்புட்டில் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவர். அறுவை, கீமோ என்று ஒரு வருடம் வண்டியைத் தொடாமல் இருந்துவிட்டார். பஸ் முதலாளி தவுக்கே நல்ல மனுஷன். “சன்னாசி, நீ ஓட்டலாம்னு ஆஸ்பத்திரி சூராட் குடுக்கட்டும். பள்ளி தொறக்கறதுக்குள்ள கொண்டா. இல்லாட்டி நான் வேற ஆள் பாக்கணும்லா” என்று சொல்லியிருந்தார். ஆகவே சன்னாசிக்கு உலகத்தில் வேண்டியிருந்தது ஒரே ஒரு கடிதம். வீட்டில் உட்கார்ந்து மனைவி துளசி போடுகிற தொலைக்காட்சி நாடகங்களைப் பார்த்துப் பார்த்து, அவற்றில் வரும் மாமியார்களின் பெயர்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடமாகியிருந்தன. ஒரு டிரைவருக்கு இதைவிடக் கேவலம் வேண்டாம்.

“ஒடம்பு நல்லா இருக்கு. கடிதத்துல நான் கையெழுத்து போட்டுட்டேன். பக்கத்து ரூம்லயும் ஒரு கையெழுத்து வேணும், அவ்வளவுதான்” என்றார் டாக்டர்.

பக்கத்து அறை வாசலில் பளபளவென்று ஒரு பலகை மாட்டியிருந்தது. ‘கிந்தா மனத்துயர் அளவீட்டு ஆய்வு நிலையம்’. புற்றுநோயாளிகளின் மனத்துயரை ஒரே கேள்வியில் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை இந்த நிலையம் தயாரித்து, அது சரியாக வேலை செய்கிறதா என்று ஐந்து வருடங்களாகச் சோதித்துக்கொண்டிருந்தது. கருவி சரியா என்று நோயாளிகளை வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதனால் சோதனைக்கு உட்படாத நோயாளிக்கு எந்தக் கடிதமும் கிடையாது என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். இதற்குத் தன்விருப்பப் பங்கேற்பு என்று பெயர்.

ஆய்வு அதிகாரி ஆர்த்திகா மரியாதையான பெண். சன்னாசியை உட்காரவைத்து ஓர் அட்டையை நீட்டினாள். அதில் ஒரு ரப்பர் பால்மரம். மரத்தில் வெட்டுக்கோடு, கோட்டுக்குக் கீழே கம்பியில் தொங்கும் மங்கு, அதாவது தோட்டத்தில் பால் பிடிக்கிற கோப்பை. மங்கின் ஓரத்தில் பூஜ்யம் முதல் பத்து வரை கோடுகள்.

“அங்கிள், இந்த வாரம் ஒங்க மனசு எப்படி இருந்துச்சோ, அந்த அளவுக்கு மங்க நெரப்புங்க.”

சன்னாசிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் பிறந்தது தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். ஆத்தாளும் அப்பனும் பால் எடுக்க மரம் வெட்டியவர்கள். மங்கு நிறைய பால் கண்ட அன்றைக்கு அப்பன் பாட்டுப் பாடிக்கொண்டு வருவார், வீட்டில் கருவாடு வாசம் அடிக்கும். இன்றைக்கோ குடலில் இருந்த புற்றே போய்விட்டது! அவர் பென்சிலை வாங்கிப் பத்து வரைக்கும் நிரப்பினார். அதுவும் போதாது என்று தோன்றியதால் மங்கு வழிந்து பால் கீழே சொட்டுகிற மாதிரியும் வரைந்தார். மரத்தடியில் ஒரு நாயைப் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஆர்த்திகா அட்டையைப் பிடுங்கிவிட்டாள்.

அவள் முகம் வெளுத்திருந்தது. மேசையில் இருந்த கத்தரிக்கோலை மெதுவாக எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். பிறகு ஒரு சிவப்பு அட்டையை எடுத்து அதில் சன்னாசியின் பெயரை எழுதினாள். நான்குக்கு மேல் போனாலே சிவப்பு. பத்தைத் தாண்டி வழிந்த ஆள் அந்த நிலையத்தின் வரலாற்றில் இவர்தான் முதல்.

பக்கத்து நாற்காலியில் செமோரிலிருந்து வந்த நல்லம்மாள் உட்கார்ந்திருந்தாள். அறுபதைத் தாண்டியவள், இவளும் ஒரு காலத்தில் பால் வெட்டியவள்தான். அவள் அட்டையை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். ஒரு சொட்டுக்கூடப் போடாமல் திருப்பிக் கொடுத்தாள். ஆர்த்திகாவின் முகம் மலர்ந்தது. “சூப்பர் ஆன்ட்டி! சுத்தமா ஒண்ணுமே இல்ல!” என்று கை குலுக்கி, பச்சை அட்டையும், மனஉறுதிச் சான்றிதழும், ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பினாள். நல்லம்மாள் பிஸ்கட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வாசலில் ஒரு நிமிஷம் நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

இந்த மங்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். வெளிநாடுகளில் இம்மாதிரிக் கருவிக்கு வெப்பமானிப் படம் போடுவார்கள். அது நம் மக்களின் வாழ்வோடு ஒட்டாது என்று நிலையத்தின் தலைவர் பேராசிரியர் இராசையா ஒரு குழு அமைத்தார். குழு பல கூட்டங்கள் போட்டது. எல்லாக் கூட்டத்திலும் தின்னக் கொடுத்த கறிபாப் நன்றாக இருந்தது. கடைசியில் பேராசிரியரே வழி சொன்னார். “எனது பாட்டனார் பால் கணக்கு எழுதும் தலைமைக் கிராணியாக இருந்தவர். தோட்டம் எனது இரத்தத்தில் ஊறியது. பால் அதிகம் வந்த நாட்களில் அவர் எவ்வளவு துயரப்படுவார் தெரியுமா? நிறுத்து எழுதி முடிப்பதற்குள் கை வீங்கிவிடும். மங்கு நிறைந்தால் துயரம். இதைவிடப் பண்பாட்டுக்கு நெருக்கமான குறியீடு கிடையாது.” குழு ஒருமனதாகக் கை தட்டியது. மரம் வெட்டிய ஒருவரையும் கேட்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. கிராணி இருக்கும்போது வெட்டுகிறவனைக் கேட்கும் வழக்கம் தோட்டத்திலும் இருந்ததில்லை.

சிவப்பு அட்டை வாங்கிய சன்னாசியை ஆலோசகரிடம் அனுப்பினார்கள். அவர் தலையைச் சாய்த்து, குரலைக் கனிய வைத்துக்கொண்டு பேசும் ஆள்.

“எதை நெனச்சா ஒங்களுக்கு ரொம்ப பாரமா இருக்கு?”

“பாரமா? ஒண்ணும் இல்ல சார். நான் சந்தோசமா இருக்கேன்.”

“சிரிக்கிறீங்க.”

“சந்தோசமா இருந்தா சிரிப்பாங்கல்ல சார்?”

ஆலோசகர் எழுதிக்கொண்டார்: ‘துயரத்தைச் சிரிப்பால் மறைக்கிறார். ஆழமானது.’

சன்னாசி விட்டுவிடவில்லை. நேரே ஆர்த்திகாவிடம் வந்தார். “பாப்பா, மங்கு நெறஞ்சா எங்களுக்கு நல்ல நாளு. காலி மங்குதான் கெட்ட நாளு. நீங்க தலகீழா போட்டுட்டீங்க.”

ஆர்த்திகா அவரையே பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது, அதுதான் பரிதாபம். கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “அங்கிள், எனக்கும் சந்தேகமாதான் இருந்துச்சு. ஆனா இந்தப் படத்த அறநெறிக் குழு பாஸ் பண்ணிடுச்சு. ஒரு கோடு மாத்தணும்னாலும் முதல்ல இருந்து திரும்ப போகணும். ப்ரொபசர் என்ன சொல்லியிருக்கார்னா, நோயாளி தப்பு பண்ணலாம், கருவி பண்ணாது.”

“அப்ப என் சூராட்?”

“ரெண்டு வாரம் கழிச்சு மறுசோதன இருக்கு அங்கிள். பாக்கலாம்.”

போகும்போது, கூட வந்திருந்த துளசியிடம் ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள். கூர்மையான பொருட்களை வீட்டிலிருந்து அகற்றவும், நோயாளியைத் தனியாக விடவேண்டாம், உற்சாகமான சூழலை உண்டாக்கவும் என்று அதில் இருந்தது. துளசி எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். கத்தி, அரிவாள்மனை, கத்தரிக்கோல், தேங்காய்த் துருவி எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பக்கத்து வீட்டில் வைத்தாள். அன்றிலிருந்து சாம்பாரில் கத்தரிக்காய் காம்போடு முழுசாக மிதந்தது. முருங்கைக்காய் சட்டிக்கு வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்தது. சன்னாசி குளிக்கப் போனால் வாசலில் நின்றுகொண்டு, “இருக்கீங்களா?” என்று நிமிஷத்துக்கு ஒருதரம் கேட்டாள்.

“எங்கடி போவேன்? சோப்பு போட்டுக்கிட்டு இருக்கேன்.”

“சத்தம் குடுத்துக்கிட்டே குளிங்க.”

அவர் சத்தம் கொடுத்துக்கொண்டே குளித்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பாவம் மனுஷனுக்கு முற்றிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

இரண்டு வாரத்தில் அவர் உண்மையிலேயே இளைத்துவிட்டார். பள்ளி திறக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தவுக்கே கோலக்கங்சாரிலிருந்து ஒரு பையனைப் பார்த்திருப்பதாகக் காதில் விழுந்தது. மறுசோதனைக்குப் போனபோது அவர் மனசு காய்ந்துகிடந்தது. பொய் சொல்லத் தெரியாத மனுஷன், மங்கின் அடியில் இரண்டு கோடு அளவுக்குப் பாலைத் தொட்டுவைத்தார்.

ஆர்த்திகா தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஐயோ அங்கிள்! அதே பத்து போட்டிருக்கக் கூடாதா?”

“ரெண்டுன்னா பச்சதானே பாப்பா? நாந்தான் தேறிட்டேனே.”

“அப்படி இல்ல அங்கிள். ரெண்டு வாரத்துல ஒரே மாதிரி பதில் வந்தாதான் கருவி நல்ல கருவி. நீங்க மாறிட்டீங்கன்னா கருவி மேல கொற வரும். கருவி மேல கொற இருக்க முடியாதுல்ல. அதனால கொற ஒங்க மேலதான்.” அவள் படிவத்தைப் பார்த்துப் படித்தாள். “‘நிலையற்ற மனம். வண்டி ஓட்ட ஏற்றதல்ல.’ சாரி அங்கிள்.”

சந்தோஷமாக இருந்தபோது துயரம் என்றார்கள். துயரமாக இருந்தபோது நிலையில்லை என்கிறார்கள். சன்னாசிக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மேசையைக் கவிழ்த்திருக்கலாம். ஆனால் அதற்கும் ஏதாவது வண்ணத்தில் ஓர் அட்டை வைத்திருப்பார்கள் என்று பேசாமல் வந்துவிட்டார்.

பள்ளி திறக்க ஒரு நாள் இருந்தபோது, ஈப்போ ஹோட்டல் ஒன்றில் கருவியின் ஏற்பு விழா வைத்தார்கள். சோதனைக்கு உட்பட்ட நோயாளிகள் அனைவரையும் அழைத்திருந்தார்கள். மக்களோடு மக்களாக ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பேராசிரியரும் விழாவுக்குத் தலைமை தாங்கும் பிரமுகரான டத்தோவும் காரில் சுங்கை சிப்புட்டுக்கே வந்து, நோயாளிகளின் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள். கார் காலியாகத் திரும்பிப் போனது. படமும் எடுத்தாயிற்று. பஸ் மட்டும் நகரவில்லை. டிரைவர் காலையில் தின்ற நாசி லெமாக் வயிற்றைப் புரட்டி, கடைப் பக்கத்துக் கழிவறைக்குள் போனவர் வெளியே வருவதாக இல்லை.

வெயில் ஏறியது. டத்தோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டத்தோ பார்த்ததைப் பேராசிரியர் பார்த்தார். “இங்கே பஸ் ஓட்டத் தெரிந்தவர் யாருமே இல்லையா?” என்று பேராசிரியர் அலறினார்.

எல்லாரும் சன்னாசியைப் பார்த்தார்கள்.

“எனக்குத் தெரியும் ஐயா. ஆனா நான் ஓட்டக் கூடாதுன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. நிலையற்ற மனமாம்.”

டத்தோ மறுபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேராசிரியர் ஆர்த்திகாவைப் பார்த்தார். ஆர்த்திகா பையிலிருந்து சன்னாசியின் கடிதத்தை எடுத்து நீட்டினாள். அதை ஏன் அன்றைக்குக் கையோடு கொண்டுவந்திருந்தாள் என்பது அவளுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். பேராசிரியர் பஸ் படிக்கட்டில் முழங்காலை மேசையாக வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஐந்து வருட அறிவியல் செய்ய முடியாததை ஒரு நாசி லெமாக் செய்து முடித்தது.

சன்னாசி கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, இருக்கையில் உட்கார்ந்து ஸ்டேரிங்கைப் பிடித்தார். கண் கலங்கிவிட்டது. சின்னப்பிள்ளைகளை ஏற்றிப்போக லாயக்கில்லை என்று எழுதப்பட்ட மனிதர், ஒரு டத்தோவையும் ஒரு பேராசிரியரையும் பின்னால் வைத்துக்கொண்டு அம்சமாகப் பஸ்ஸை எடுத்தார்.

செமோரில் நல்லம்மாள் ஏறினாள். டிரைவருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தாள். போன மாதம் பார்த்ததைவிடச் சின்னதாகிவிட்டிருந்தாள்.

“அக்கா, சாப்டீங்களா?” என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டார் சன்னாசி.

“எறங்கல தம்பி.” கொஞ்ச தூரம் போனபிறகு அவளே சொன்னாள். “எனக்குத் திரும்ப வந்திருச்சி. அன்னைக்கித்தான் சொன்னாங்க, அந்தப் படம் குடுத்த அன்னைக்கி. மகன்கிட்டகூட சொல்லல. அந்தப் பொண்ணு எப்படி இருக்கீங்கன்னு கேட்டுச்சா, காலி மங்க காட்டுனேன். பாத்தா தெரியாதா? கை குடுத்து பிஸ்கட்டு குடுத்து அனுப்பிட்டாங்க.”

தன் கடிதத்தைப் பற்றியே நினைத்து அலைந்த நாளெல்லாம் இவள் வீட்டில் பச்சை அட்டையோடு தனியாக உட்கார்ந்திருந்தாளே என்று சன்னாசிக்கு உறைத்தது.

விழா கோலாகலமாக நடந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஆளுயர அட்டையில் செய்த மங்குக்கு டத்தோ மாலை போட்டார். பேராசிரியர் பேசினார்.

“இந்தக் கருவியை உருவாக்க நாங்கள் பட்ட துன்பத்தை எந்த நோயாளியும் பட்டிருக்கமாட்டார். ஐந்து ஆண்டுகள்! ஒரு நோயாளியின் குறுக்கீடும் இல்லாமல் நோயாளிகளை நாம் புரிந்துகொண்டிருக்கிறோம். ஆய்வில் மிகக் குறைந்த துயரம் உடையவர் இதோ, திருமதி நல்லம்மாள். பூஜ்யம்! இவரைப் போல எல்லாப் புற்றுநோயாளிகளும் பூஜ்யம் ஆக வேண்டும் என்பதே எங்கள் கனவு!”

நல்லம்மாளை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“ஐயா, மங்குல ஒரு சொட்டுகூட இல்லன்னா மரம் பட்டுப்போச்சுன்னு அர்த்தம்யா” என்றாள். “நான் படுத்தா தூக்கம் இல்ல. சோறு எறங்கல. யாருகிட்ட சொல்றதுன்னு தெரியல. ஒங்ககிட்ட சொன்னேன். நீங்க கை தட்டுறீங்க.”

ஆர்த்திகா முகத்தைப் பொத்திக்கொண்டாள். பேராசிரியர் மட்டும் அசரவில்லை. மைக்கை வாங்கினார்.

“அருமை! அருமை! எவ்வளவு ஆழமான கருத்து! இந்த அம்மையார் கூறியது, இரண்டாம் கட்ட ஆய்வின் தேவையை ஐயத்துக்கு இடமின்றி நிறுவுகிறது. இன்னும் ஐந்து ஆண்டுகள்!”

மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. டத்தோ நிதி உதவி அறிவித்தார்.

சன்னாசி நாற்காலிகளுக்கு நடுவே நடந்து மேடைக்குப் போனார். “அக்கா, வாங்க” என்று நல்லம்மாளின் கையைப் பிடித்தார்.

“எங்கே போகிறீர்கள்? அடுத்து டத்தோ வீட்டில் விருந்து. பஸ் வேண்டும்” என்றார் பேராசிரியர்.

“ஆஸ்பத்திரிக்கி.”

“அந்தக் கடிதத்தை நான் ரத்து செய்ய முடியும், தெரியுமல்லவா?”

சன்னாசி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். ஒரு வருடம் இதற்காகத்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு நல்லம்மாளின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். “செஞ்சிக்குங்கய்யா” என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர்களுக்குப் பின்னால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஆர்த்திகாவும் ஓடிவந்து பஸ்ஸில் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் நல்லம்மாளின் டாக்டர் இருந்தார். ஆர்த்திகா எந்த அட்டையையும் எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, “என்னாச்சு ஆன்ட்டி? சொல்லுங்க” என்று மட்டும் கேட்டாள். நல்லம்மாள் சொல்ல ஆரம்பித்தாள். வாங்கிவைத்த தே தாரிக் ஆறி ஏடு கட்டும் வரைக்கும் சொன்னாள். சாயங்காலம் மகனுக்குப் போன் போட்டு அவனிடமும் சொன்னாள்.

கடிதத்தை ரத்து செய்ய நிலையம் அன்றிரவே அவசரக் கூட்டம் போடத்தான் செய்தது. ஆனால் ரத்து செய்ய வேண்டுமானால், மனநிலை சரியில்லாத ஒருவர் ஓட்டிய பஸ்ஸில் டத்தோவைப் பேராசிரியரே ஏற்றிவந்தார் என்று எழுத வேண்டியிருந்தது. அந்த வாக்கியத்தைக் குழு பலவிதமாக எழுதிப் பார்த்தது. ஒன்றும் சரிப்படவில்லை. கறிபாப் தீர்ந்ததும் கலைந்துவிட்டார்கள்.

ஆகவே பள்ளி திறந்த அன்று காலையில் பஸ்ஸை சன்னாசிதான் ஓட்டினார். துளசி கத்திகளைத் திரும்ப வாங்கிவந்து கத்தரிக்காயை நறுக்கினாள்.

அந்த வெள்ளிக்கிழமை நல்லம்மாளுக்கு மறுபடி கீமோ ஆரம்பம். மகன் ராத்திரி வேலை முடிந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, தவுக்கேயிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, சன்னாசி காலி பஸ்ஸை செமோருக்கு விட்டார். அவள் சாலையோரத்தில் நின்றுகொண்டிருந்தாள். கதவு திறந்தும் காலை எடுத்து வைக்கவில்லை.

“எனக்குப் பயமா இருக்குடா தம்பி” என்றாள்.

சன்னாசி ஸ்டேரிங்கை விட்டு இறங்கி வந்தார். ஒரு வருடமாக டாக்டரிடமும், ஆலோசகரிடமும், துளசியிடமும்கூட அவர் சொல்லாததை அவளிடம் சொன்னார்.

“எனக்கும் ரொம்ப பயமா இருந்துச்சிக்கா. ஏறுங்க. பேசிக்கிட்டே போலாம்.”